உப்புப் போடக் கூடாத கீரை

எனக்குக் கோர்வையாக எழுத வராது, மறதியும் அதிகம், பொறுத்துக்கொள்ளுங்கள். மகள் இன்று உமரிக்கீரை வாங்கிவந்து, "இதுல சத்து ஜாஸ்தியாம்மா, கிருமியக் கூட கொல்லுமாம்" என்றாள். அது வெந்த வாடையில், இப்போது இறால் குட்டையாகிவிட்ட எங்கள் கிள்ளை ஊரின் உப்பங்கழி ஓரமும், முழங்கால் சேறும், நண்டுகள் வளைக்குள் ஓடும் சரசரப்பும், நாங்கள் மடி நிறையக் கிள்ளிய அந்தக் கீரையும் திரும்பி வந்தன. உப்பு மண்ணில் விளைவதால் அதற்கு நாங்கள் உப்பே போட மாட்டோம். கடல் பக்கமே இல்லாத மங்கலம்பேட்டையிலிருந்து வாழ்க்கைப்பட்டு வந்த அண்ணி, முதல் சமையலில் தெரியாமல் ஒரு கை உப்பை அள்ளிப் போட்டுவிட்டு, தாய்வீட்டுக்கு அனுப்பிவிடுவார்களோ என்று கதவோரம் ஒளிந்து நின்றாள். "கடல் தண்ணியவே காய்ச்சிட்டியேம்மா! அந்தத் தண்ணிச் சொம்ப இங்கயே வையி" என்று சிரித்த அப்பா, தட்டில் மிச்சம் வைக்கவில்லை. உப்பு இறங்க, கீரை வெந்த தண்ணீரை ஒருமுறை வடிப்போமா, இருமுறையா? அண்ணியைக் கேட்டால் அந்த முதல் சமையலை நினைத்து இன்னும் சிரிக்கிறாள். கிள்ளைக்காரர்கள் யாராவது சரிபார்த்துச் சொல்லுங்கள்.