மானுக்கு வண்டியைத் திருப்பாதே

பால் லாரி ஓட்டுகிறவன் மானைக் கண்டால் செய்யக்கூடாத காரியம் ஒன்றே ஒன்றுதான்: ஸ்டியரிங்கைத் திருப்புவது. பிரேக்கை மிதிக்கலாம், ஹாரனை அலறவிடலாம், கடவுளைக் கூப்பிடலாம். வண்டி மட்டும் நேராகப் போக வேண்டும். பால் டேங்குக்குள் தடுப்பு கிடையாது. இருந்தால் மூலைக்கு மூலை பால் தங்கிப் புளித்துவிடும். அதனால் டேங்க் அரைவாசி நிறைந்திருக்கும்போது கொஞ்சம் ஒடித்தால் போதும், மொத்தப் பாலும் ஒரு பக்கமாகப் பாய்ந்து லாரியையே கவிழ்த்துவிடும்.

வெர்லின் டோலெஃப்சனுக்கு இது முப்பது வருடமாகத் தெரியும். தெரிந்து என்ன பிரயோஜனம்? மூன்று வருடத்துக்கு முந்தைய நவம்பரில், சர்ச் மேட்டில் ஒரு பெட்டை மான் குறுக்கே வந்து நின்று முழித்தது. அவன் யோசிக்கும் முன்பே கை திரும்பிவிட்டது. லாரி எதிர்த்தடத்தில் போய்ப் படுத்துக்கொண்டது, பால் சாலை முழுக்க ஓடியது, வெர்லினுக்கு விலா எலும்பு முறிந்தது. மானுக்கு ஒரு கீறல்கூட இல்லை.

காபிக் கடையில் அவனை இன்னும் விட்டபாடில்லை. "விஸ்கான்சின்ல எல்லாரும் மானைச் சுடுவான். உக்கார வச்சுப் பால் குடுத்தவன் நீ ஒருத்தன்தாம்ப்பா" என்பான் ஒருவன். மானை விரட்டுவதற்காக பம்பரில் வெர்லின் மாட்டியிருந்த விசிலைப் பார்த்து, "எவன் ஊதுறான்னு பாக்கத்தான் மானெல்லாம் ரோட்டுக்கு வருது" என்பான் இன்னொருவன். வெர்லினும் சேர்ந்து சிரிப்பான்.

ஆனால் அவனைத் தூங்கவிடாதது வேறு. லாரி விழுந்த இடத்துக்கு ஒரு நிமிடம் கழித்து அவன் மனைவி லவான் ஓட்டிய பள்ளி பஸ் வந்து நின்றது. உள்ளே பதினாலு பிள்ளைகள். அந்த ஒரு நிமிடம் இல்லையென்றால்? அதற்குமேல் நினைக்க அவனால் முடியாது. நினைக்காமலும் இருக்க முடியாது.

அந்த விபத்து வரை தினமும் காலையில் இருவரும் அந்த மேட்டில்தான் எதிரெதிரே கடப்பார்கள். ஸ்டியரிங்கிலிருந்து ஒரு விரலை மட்டும் தூக்கிக் காட்டுவார்கள். சாயங்காலம் வரை அதுதான் பேச்சு. விபத்துக்குப் பிறகு வெர்லின் தன் கையை நம்பவில்லை. மேட்டுக்கு முன்னால் இருக்கும் லியோ சோப்சாக்கின் பண்ணையில் பால் ஏற்றிய பிறகும் கிளம்பமாட்டான். கழுவின குழாயையே திரும்பக் கழுவுவான். லவானின் பஸ் கடந்து போவதைப் பார்த்த பிறகே லாரியில் ஏறுவான். லவான் கேட்கும் முன்பே, "லியோ வீட்டுப் பால் ஆற லேட்டாகுது" என்று ஒரு பொய்யைச் சொல்லி வைத்தான். கறந்த பால் குளிர்ந்த பிறகுதானே லாரியில் ஏற்ற முடியும்.

அன்று திங்கட்கிழமை. சனிக்கிழமையே மான் வேட்டைப் பருவம் தொடங்கியிருந்தது. துப்பாக்கிச் சத்தத்தில் வெருண்ட மான்கள் காட்டுக்குள்ளும் நிலைகொள்ளவில்லை, வெளியிலும் நிலைகொள்ளவில்லை. வெர்லினும் அப்படித்தான் இருந்தான். வண்டி நிற்கும்போதுகூட அவன் கண் இடது பள்ளத்துக்கும் வலது பள்ளத்துக்கும் ஓடிக்கொண்டிருந்தது.

"எத்தன தடவதான் கழுவுவ? குழாய் தேஞ்சிடப் போவுது" என்றான் லியோ.

"உன் குழாயா தேயுது? போய் மாட்டப் பாரு."

அரைகுறை வெளிச்சத்தில் மஞ்சள் பஸ் ஒன்று சாலையில் கடந்து போனது. அது எந்தப் பக்கம் போகிறது என்றுகூட அவன் பார்க்கவில்லை. வெர்லினுக்கு மூச்சு வந்தது. குழாயைச் சுருட்டிப் போட்டுவிட்டுக் கிளம்பினான்.

மேட்டின் அடிவாரத்தில் அதே பஸ் காட்டோரமாக நின்றுகொண்டிருந்தது. கூரையில் அடுப்புப் புகைக்குழாய். ஆரஞ்சு நிறக் கோட்டு போட்ட ஆட்கள் துப்பாக்கியோடு இறங்கி மரங்களுக்குள் நுழைந்துகொண்டிருந்தார்கள். க்ரூகர் சகோதரர்கள் பழைய பள்ளி பஸ் ஒன்றை வாங்கி, உள்ளே கட்டில் போட்டு, வேட்டைக் கூடாரமாக வைத்திருந்தார்கள். பெயின்ட் அடிக்கச் சோம்பேறித்தனம். அப்படியென்றால் லவான் இன்னும் வரவில்லை. நிறுத்தலாமென்றால் இரண்டு பக்கமும் பள்ளம். போதாக்குறைக்கு, அந்தப் புண்ணியவான்கள் காட்டுக்குள் நுழைந்தால் உள்ளே இருக்கும் மானெல்லாம் சாலைக்குத்தானே வரும்!

மேட்டின் உச்சியில் லவானுடைய பஸ்ஸின் விளக்குகள் தெரிந்தன.

வலது பள்ளத்திலிருந்து ஒரு பெட்டை மான் பாய்ந்து சாலையைத் தாண்டியது. வெர்லின் பிரேக்கை மிதித்தான். தாண்டியதை அவன் பார்க்கவில்லை. அது வந்த திசையைப் பார்த்தான். ஒன்று வந்தால் பின்னாலேயே இன்னொன்று வரும். வந்தது. பெரிய கொம்புள்ள கடா மான், நேராக விளக்குக்குள். அவன் கை இடதுபக்கம் இழுத்தது. இடதுபக்கம், எதிர்த்தடத்தில், லவான் வந்துகொண்டிருந்தாள். முழங்கையைப் பூட்டிக்கொண்டு, பல்லைக் கடித்துக்கொண்டு, நேராகவே போனான்.

இடி விழுந்த மாதிரி ஒரு சத்தம். டேங்குக்குள் பால் முன்னால் பாய்ந்து லாரியைத் தள்ளியது, பின்னால் போய் மறுபடி தள்ளியது. லாரி தன் தடத்திலேயே நின்றது. கடா சாலையில் கிடந்தது, அசையவில்லை. பாவமாகத்தான் இருந்தது அவனுக்கு.

லவான் பஸ்ஸை மினுக்கும் எச்சரிக்கை விளக்குகளோடு அவன் பக்கத்தில் கொண்டுவந்து நிறுத்தி, ஜன்னலைத் தள்ளித் திறந்தாள். பின்னால் எல்லா ஜன்னலிலும் முகங்கள்.

"மிஸ்டர் டோலெஃப்சன், கறி உங்களுக்கா? இல்ல எங்கப்பாவ வந்து எடுத்துக்கச் சொல்லவா?" என்று ஒரு சிறுமி கத்தினாள்.

"உக்காருடி" என்று அவளை அடக்கிவிட்டு லவான் இவன் பக்கம் திரும்பினாள். "என்ன, லியோ வீட்டுப் பால் இன்னிக்குச் சீக்கிரம் ஆறிடுச்சா?"

வெர்லின் முன்கண்ணாடியைத் துடைக்க ஆரம்பித்தான்.

"மொதல் வாரமே லியோ எங்கிட்டச் சொல்லிட்டான். நான் போற வரைக்கும் நீ ஒளிஞ்சிக்கிட்டு நிக்கிறேன்னு."

"அப்ப ஏன் நீ கேக்கவே இல்ல?"

"நீயா வருவேன்னு பாத்தேன். மூணு வருஷம், வெர்லின். இந்த மேட்டுல ஏறுறப்பல்லாம், அந்தப் பக்கம் நீ கவுந்து கெடக்குற மாதிரியே இருக்கும் எனக்கு. நீ எதிர்ல முழுசா வர்றத ஒரே ஒரு தடவ பாத்திருந்தா அது போயிருக்கும்."

அவளைக் காப்பாற்றுவதாகத்தான் அவன் இத்தனை நாளும் நினைத்துக்கொண்டிருந்தான். விலா முறிந்தபோதுகூட இப்படி வலிக்கவில்லை.

"கை இன்னும் நடுங்குது, லவான்" என்றான்.

"நடுங்கட்டும். எனக்கும்தான் நடுங்குது. நாளைக்கு உன் நேரத்துக்கு வா."

"வர்றேன்" என்றான். அவள் ஜன்னலை மூடவில்லை. அவன் அதை இன்னொரு முறை சொல்லும் வரை பஸ்ஸை நிறுத்தி வைத்திருந்தாள்.