வென்ற குதிரைக்கு ரோசாப்பூ

அப்பாவும் நானும் கடைசியாகச் சேர்ந்து செய்த வேலை, லண்டன் கோலியர்ஸ் வுட் வீட்டில், அறையைச் சூடாக்கும் ரேடியேட்டரில் அடைபட்டிருந்த காற்றைத் திறந்துவிட்டது. நான் சாவியைத் திருகினேன். அவர் கதிரையில் இருந்தபடி பழைய துவாயைக் கீழே பிடித்தார். “காணும் பிள்ளை, தண்ணி வருது, பூட்டு.” மூன்றாம் நாள் நித்திரையிலேயே போய்விட்டார்.

அப்பா சற்குணம், ரூட்டிங்கில் ஒரு குதிரைப் பந்தயக் கடைக் கவுண்டரில் நெடுங்காலம் வேலை செய்தவர். தான் ஒரு பென்னி கட்டியதில்லை. மாலை ஷிப்டில் அமெரிக்க ஓட்டங்களைப் பார்த்துப் பார்த்து, கென்டக்கி டெர்பியில் பைத்தியமானார். அதையும் நேரடியாகப் பார்க்கமாட்டார். பழைய ஓட்டங்கள்தான். “முடிவு தெரிஞ்சால் நெஞ்சு இடிக்காது.” அகதி வழக்குத் தீர்ப்புக்கு வருடக்கணக்காய்க் காத்திருந்தவர்.

போன புரட்டாதியில் பாரிசவாதம் வந்து ஒரு பக்கம் இழுத்தது; ஆஸ்பத்திரியில் சேர்த்தேன். கால் கொஞ்சம் தேறியது. ஆனால் கேள்விகளுக்கு ஏனோதானோவென்று பதில் சொன்னார். நினைவு தடுமாறியிருந்தால் வீட்டுக்கு விட ஏலாது, பராமரிப்பு இல்லம்தான் என்றார்கள். டொக்டர் வந்து, பிரதமர் யாரென்று கேட்டார்.

“அவங்கள் மாறிக்கொண்டே இருக்கிறாங்கள். ஆர் கணக்கு வைக்கிறது?”

மொழிபெயர்த்தேன். டொக்டர் சிரிக்காமல் எழுதினார். நான் எஞ்சினியர். ஒரு கருவியில் சந்தேகம் வந்தால் வேறொன்றால் அளந்து பார்ப்பேன்.

“அப்பா, முதல் டெர்பி?”

“ஆயிரத்து எண்ணூற்று எழுபத்தைஞ்சு. அரிஸ்டைட்ஸ்.”

“தூரம்?”

“அப்ப ஒண்டரை மைல். எண்ணூற்றுத் தொண்ணூற்றாறிலைதான் ஒண்டேகால் ஆக்கினவங்கள்.”

“வெண்ட பெண் குதிரையள்?”

“ரிக்ரெட், ஜெனுயின் ரிஸ்க், வின்னிங் கலர்ஸ். மூண்டே மூண்டு. என்ன, எனக்குச் சோதினை வைக்கிறியோ?”

நான் மொழிபெயர்க்க மொழிபெயர்க்க, டொக்டர் போனில் ஒவ்வொன்றாகத் தேடிப் பார்த்தார். எல்லாம் சரி. அடுத்த நாள் தமிழ் மொழிபெயர்ப்பாளரோடு முழுப் பரிசோதனையையும் மறுபடி செய்தார்கள். அந்த வெள்ளிக்கிழமை அப்பாவை வீட்டுக்கு விட்டார்கள். கார் நிறுத்துமிடத்தில் நான் அழுதேன்.

“ஆசுப்பத்திரி வாட்டிலை படுத்துக்கொண்டு நேர்ந்தனான்,” என்றார். “டெர்பியிலை வெண்ட குதிரைக்கே ரோசாப்பூப் போர்வை போடுறாங்கள். வீட்டை போனால் லூயிஷாம் கோயில் சிவனுக்கு ஒரு ரோசாமாலை.”

“நீங்கள் குதிரையோ?”

“வெண்ட குதிரை.”

குளிர்காலம் முழுக்கத் தன் கதிரையில், தேத்தண்ணியோடு, பழைய டெர்பிகளைப் பார்த்தார். இல்லத்துக்குப் போகவில்லை. அந்த ஆறுதல் எனக்கு இருக்கிறது. கோயிலை மட்டும், “வெயில் வரட்டும்” என்று தள்ளிப்போட்டார்.

இப்போது துடக்கு, சாவுத் தீட்டு. முப்பத்தொன்றாம் நாள் கிரியை கழியாமல் கோயிலுக்குள் போக ஏலாது. ரூட்டிங் பூக்கடையில் சிவப்பு ரோசாமாலைக்குச் சொல்லிவைத்திருக்கிறேன். லூயிஷாமுக்கு நான்தான் கொண்டுபோக வேண்டும்.