ஜப்பான்காரன் கேட்ட பெயர்

எனக்கு ஜப்பான் பாஷை தெரியும் என்று சொன்னால் இப்போது யாரும் நம்புவதில்லை. ரப்பர் தோட்டத்தில் பால் வெட்டியவளுக்கு அதெல்லாம் எப்படி வந்தது என்று கேட்டுச் சிரிக்கிறார்கள். உப்பால் வந்தது. மலாய் நாட்டை ஜப்பான்காரன் பிடித்திருந்த காலத்தில் எங்கள் தோட்டத்தில் உப்பு குதிரைக்கொம்பாக இருந்தது. சாயங்கால ஜப்பான் வகுப்புக்கு வருகிறவர்களுக்கு மட்டும் ஒரு சிரட்டை உப்பு உண்டு என்று அறிவித்தார்கள். மறுநாளே நான் போய் முதல் வரிசையில் உட்கார்ந்துவிட்டேன்.

எங்கள் தோட்டம் கரங்கானிலிருந்து உள்ளே தள்ளி இருந்தது. பாடம் நடத்தியவர் தோட்டத்து ஆபீசில் எழுத்து வேலை பார்த்த கிராணி. வெள்ளைக்காரத் துரை ஓடிப்போன பிறகு அவரை ஜப்பான்காரர்கள் அலோர் ஸ்டார் பட்டணத்துக்கு வரவழைத்து, அவசரமாக ஏதோ சொல்லிக்கொடுத்துத் திருப்பி அனுப்பியிருந்தார்கள். மனிதர் கெட்டிக்காரர். இந்தச் சனங்களுக்கு எழுத்தும் இலக்கணமும் எதற்கு, வழியில் சிப்பாய் மறித்தால் அடி வாங்காமல் வீடு திரும்பினால் போதும் என்று முடிவு செய்துவிட்டார்.

அதனால் எங்கள் வகுப்பு கூத்து மாதிரி நடக்கும். அவர் ஒரு கம்பைத் தோளில் சாத்திக்கொண்டு சிப்பாயாக நிற்பார். நாங்கள் ஒவ்வொருவராக அவரைக் கடந்து போக வேண்டும். “தோமாரே!” என்று கத்துவார், உடனே நிற்க வேண்டும். இடுப்பு வளையக் குனிய வேண்டும். கைகூப்பக் கூடாது, காலில் விழவே கூடாது. எங்கே போகிறாய் என்றால் “பியோயின்”, அதாவது ஆஸ்பத்திரி. ஏன் என்றால் “பியோகி”, நோய். உன் பெயர் என்ன என்றால் சட்டென்று பெயரைச் சொல்ல வேண்டும். நான் நன்றாகவே சொன்னேன். கிராணியே இரண்டு தரம் பாராட்டினார். அந்தப் பெருமையில் அன்றைக்குக் குழம்பில் உப்பை அள்ளிப் போட்டுவிட்டேன்.

பெயர் கேட்ட பிறகு அந்தப் பாடத்தில் இன்னொரு கேள்வி இருந்தது. உன் புருஷன் பெயர் என்ன? கிராணி அதை என்னிடம்தான் முதலில் கேட்டார். நான் தலையைக் குனிந்துகொண்டேன். பின்னால் இருந்த பெண்கள் கொல்லென்று சிரித்தார்கள். கிராணிக்கே வெட்கமாகப் போய்விட்டது. அவர் வீட்டிலும் அதே கதைதானே.

“சரி சரி, அத விடுங்கம்மா. அடுத்ததுக்குப் போவோம்” என்றார். அதற்குப் பிறகு அந்தக் கேள்வியை அவர் எந்தப் பெண்ணிடமும் கேட்கவில்லை.

புருஷன் பெயரைப் பெண்சாதி வாய்விட்டுச் சொன்னால் அவன் ஆயுசு குறையும். இதை யாரும் எனக்கு உட்காரவைத்துச் சொல்லித் தரவில்லை. நெருப்பு சுடும் என்பது போல அது தெரிந்தே இருந்தது. பிள்ளை பெற்றவர்கள் பிள்ளையின் பெயரைச் சொல்லி, அவனுடைய அப்பா என்று சமாளிப்பார்கள். எங்களுக்கு அப்போது பிள்ளை இல்லை. “இங்க பாருங்க” என்பதுதான் நான் அவரைக் கூப்பிடும் விதம். மற்றவர்களும் அவர் பெயரைச் சொல்லிக் கூப்பிட்டதில்லை. ஆள் வாசல் நிலையில் தலை இடிக்கும் உயரம் என்பதால் எங்கள் லயத்து வீடுகளில் எல்லாருக்கும் அவர் ‘நெட்டை’தான். காலையில் ஆள் கணக்கெடுக்கும் பெரட்டுக்கு நிற்கும்போது கிராணி கூப்பிடுவது நம்பரை.

என் புருஷனுக்குக் காய்ச்சல் வந்தது மழைக்காலத்தில். முதலில் குளிர், பிறகு நடுக்கம், பிறகு வேர்வை என்று எல்லாருக்கும் வருகிற மலேரியாதான். கொய்னா மாத்திரை தோட்டத்து மருந்துக் கொட்டகையில் தீர்ந்து வெகுநாளாகியிருந்தது. ஏதோ பட்டையை அவித்துக் கொடுத்தார்கள். அது கசந்ததே தவிர வேறொன்றும் செய்யவில்லை. ஒருநாள் விடிந்தபோது அவர் கண்கள் மேலே செருகிக் கிடந்தன. உலுக்கினேன், தண்ணீர் தெளித்தேன், அசைவில்லை. மூச்சு மட்டும் இருந்தது. அன்றைக்கே கூலிம் ஆஸ்பத்திரியில் கொண்டுபோய்ப் போட்டால்தான் உண்டு என்று எனக்குத் தெரிந்துவிட்டது. பயத்தில் எனக்கு அழுகை வரவில்லை, கோபம்தான் வந்தது. எல்லார்மேலும் எரிந்து விழுந்தேன்.

பக்கத்து வீட்டு அண்ணன் மாட்டுவண்டி ஓட்டுகிறவர். நான் கத்திய கத்தலில் மறுபேச்சுப் பேசாமல் மாட்டைப் பூட்டினார். என் புருஷனைத் தூக்கி வைக்கோல்மேல் கிடத்திப் போர்த்திவிட்டோம். வண்டிக்கு வெளியே கால் நீட்டிக்கொண்டிருந்தது. வழியெல்லாம் நான் என் ஜப்பான் பாடத்தை மனத்துக்குள் ஓட்டிப் பார்த்தேன். ஆஸ்பத்திரி, நோய், தயவுசெய்து. ஒன்றும் மறக்கவில்லை. இதற்காகத்தான் உப்பு வாங்கினோம் என்று ஒரு தைரியம்கூட வந்தது.

கரங்கான் முச்சந்தியில் காவல் சாவடி. ஒரு ஜப்பான் சிப்பாயும் ஒரு மலாய்ப் போலீஸ்காரரும் இருந்தார்கள். “தோமாரே!” வண்டி நின்றது. இறங்கி, சொல்லிக்கொடுத்தபடியே குனிந்தேன். எங்கே என்றான், ஆஸ்பத்திரி என்றேன். ஏன் என்றான், நோய் என்றேன். என் பெயரைக் கேட்டான், சொன்னேன். எல்லாம் வகுப்பில் நடந்த மாதிரியே நடந்தது. சிப்பாய்க்கே கொஞ்சம் ஆச்சரியம். அப்புறம் வண்டியை எட்டிப் பார்த்து, வைக்கோலில் கிடந்தவரைக் காட்டி, பெயர் என்ன என்று கேட்டான்.

நான் வாயை மூடிக்கொண்டேன்.

வேண்டுமென்று செய்யவில்லை. வாய் தானாக மூடிக்கொண்டது. சிப்பாய் இன்னொரு முறை கேட்டான். என் அமைதியைப் பார்த்து வண்டிக்கார அண்ணன் உதவிக்கு வந்தார்.

“நெட்டை, துவான்” என்றார். அது என்ன என்று மலாய்க்காரர் கேட்கவும், அண்ணன் தலைக்கு மேலே கையை உயர்த்திக் காட்டி, “திங்கி லா, துவான். ஒராங் திங்கி” என்று மலாயில் விளக்கினார். ஐயா, உயரமான ஆள் என்று அர்த்தம்.

போதாதா? போன வாரம்தான் எங்கள் தோட்டத்துக்கு, போனவன் திரும்பாத சயாம் ரயில் பாதை வேலைக்கு ஆள் பிடிக்க வந்தார்கள். லாரியில் ஏற்றும்போது ஒருவன் குதித்து ரப்பர் காட்டுக்குள் ஓடிவிட்டான். அவனும் உயரமானவன்தான். அவனை இந்தச் சாவடியில் தேடிக்கொண்டிருக்கிறார்கள் என்பது எங்களுக்கும் தெரியும். இப்போது அதே தோட்டத்திலிருந்து ஒரு உயரமான ஆள், வைக்கோலில் கண்ணை மூடிப் படுத்துக்கொண்டு வருகிறான். கூட வருகிறவள் எல்லாக் கேள்விக்கும் மணிமணியாகப் பதில் சொல்கிறாள், அவன் பெயரைக் கேட்டால் மட்டும் ஊமையாகிறாள். நான் சிப்பாயாக இருந்தாலும் சந்தேகப்பட்டிருப்பேன்.

“ண்ணே, பேரச் சொல்லுங்கண்ணே!” என்றேன்.

“எனக்கு எங்கம்மா தெரியும்? நெட்டைன்னுதானே கூப்புடுறோம்” என்றார் அவர். பத்தடி தள்ளிக் குடியிருக்கிற மனிதர்! அந்த நேரத்தில் அவரை அறைந்திருப்பேன்.

என் புருஷனுடைய பெரட்டு நம்பரை ஜப்பான் பாஷையில் சொல்லிப் பார்த்தேன். சிப்பாய் தலையை ஆட்டி மறுத்தான். சாமி பெயர்தான் என்று மலாய்க்காரரிடம் சொன்னேன். எந்தச் சாமி என்று அவர் கேட்டார், அதைச் சொன்னால் பெயரைச் சொன்ன மாதிரி. மலாய்க்காரருக்கு எங்கள் வழக்கம் கொஞ்சம் தெரிந்திருக்க வேண்டும். பாவம், அதைச் சிப்பாய்க்கு எடுத்துச் சொல்லுமளவு அவருக்கும் ஜப்பான் பாஷை வரவில்லை. “ச்சக்காப் லா, ச்செப்பாட்!” என்று என்னிடம் கெஞ்சினார். சொல்லித் தொலையேன், சீக்கிரம் என்று அர்த்தம்.

சிப்பாய் துப்பாக்கிக் கத்தியால் போர்வையைத் தள்ளிவிட்டு, ஓடிப்போனவனுடைய பெயரை என் புருஷன் காதருகே உரக்கச் சொன்னான். அசைவில்லை. நடிக்கிறான் என்று நினைத்திருப்பான். என் பக்கம் திரும்பி, “யோபே!” என்றான். கூப்பிடு. அந்தச் சொல்லையும் கிராணி சொல்லிக்கொடுத்திருந்தார்.

சொன்னால் அவர் ஆயுசு குறையும். சொல்லாவிட்டால் இங்கேயே, இந்த வெயிலிலேயே முடிந்துவிடும், பிழைத்தாலும் சயாம். அவர் உதடு வெடித்திருந்தது. அதில் ஒரு ஈ வந்து உட்கார்ந்தது, அதை விரட்டக்கூட அவருக்குத் தெரியவில்லை. குறைகிற ஆயுசை என் ஆயுசிலிருந்து எடுத்துக்கொள் சாமி என்று வேண்டிக்கொண்டு, பெயரை முணுமுணுத்தேன்.

“மோத்தோ!” இன்னும் சத்தமாக.

எனக்கு வந்ததே ஆத்திரம். காய்ச்சல்மேல், சிப்பாய்மேல், பேர் தெரியாத அண்ணன்மேல், பேச்சுமூச்சில்லாமல் கிடக்கிற இந்த மனிதர்மேல். வண்டிச் சட்டத்தைப் பிடித்துக்கொண்டு முச்சந்தி முழுக்கக் கேட்கும்படி அந்தப் பெயரைச் சொல்லிக் கத்தினேன். தெருவில் விளையாடுகிற பயலைச் சாப்பிடக் கூப்பிடுகிற அதட்டலாகத்தான் அது வந்தது.

அவர் தலை திரும்பியது.

“இந்தா வந்துட்டேன் ஆத்தா” என்றார்.

அவ்வளவு உயரமான ஆளின் தொண்டையிலிருந்து ஒரு சின்னப் பையனின் குரல் வந்தது. அவருடைய தாய் அவர் சிறுபிள்ளையாக இருக்கும்போதே அதே தோட்டத்தில் இறந்துபோனவள். நான் அவளைப் பார்த்ததில்லை. எனக்கு அதுவரை வராத அழுகை அப்போது வந்தது. அங்கேயே நின்று அழுதேன்.

என்ன சொல்கிறான் என்று சிப்பாய் கேட்டான்.

“ஒக்காசான்” என்றேன். அம்மாவைக் கூப்பிடுகிறார்.

அவன் என்னைப் பார்த்தான், அவரைப் பார்த்தான். அவனுக்கும் ஊரில் அம்மா இருந்திருக்கலாம். வெயில் ஏறுகிறது, போய்த் தொலையட்டும் என்றும் நினைத்திருக்கலாம். அவன் மனத்தில் என்ன இருந்தது என்று எனக்குத் தெரியாது. போ என்று கையைக் காட்டினான். போர்வையை அவன் திருப்பிப் போடவில்லை, நான்தான் எடுத்துப் போட்டேன்.

கூலிம் ஆஸ்பத்திரியில் மருந்து கொடுக்கிற டிரசர் நம் தமிழ் ஆள். நோயாளி பெயரை என்னிடம் கேட்காமல் அண்ணனிடம் கேட்டார். அண்ணன் இப்போது நெஞ்சை நிமிர்த்தி, பெரிய சங்கதி தெரிந்தவர் மாதிரி உரக்கச் சொன்னார். எனக்கு அந்த நிலையிலும் சிரிப்பு வந்தது. எங்கிருந்தோ கொஞ்சம் கொய்னா கொடுத்தார்கள். படுக்க இடமில்லாமல் தரையில் பாய் போட்டுக் கிடத்தினார்கள். நான் பக்கத்தில் உட்கார்ந்து, கூப்பிட்டது கூப்பிட்டதாகிவிட்டது, இனி என்ன ஆகுமோ என்று அவர் மூச்சையே பார்த்துக்கொண்டிருந்தேன்.

காய்ச்சல் இறங்கி, கஞ்சி குடிக்கிற அளவுக்குத் தெளிந்த பிறகு, அவர் சுற்றுமுற்றும் பார்த்துவிட்டு என்னிடம் கேட்டார்.

“வழியில ஆத்தா வந்துச்சா? பேரச் சொல்லிக் கூப்புட்டுச்சே.”

“ஆத்தா இல்லீங்க. நான்தான். சிப்பாய் கூப்புடச் சொன்னான்.”

இதைச் சொல்லிவிட்டு நான் பயந்துவிட்டேன். கோபித்துக்கொள்வார், ஆயுசைக் குறைத்துவிட்டாயே என்பார் என்று நினைத்தேன்.

“ஆத்தா போனப்புறம் ஒரு பொம்பளக் குரல்ல அந்தப் பேர நான் கேட்டதே இல்ல” என்றார். அப்புறம் வெட்கப்பட்டுக்கொண்டு, “இன்னொருவாட்டி கூப்புடேன்” என்றார்.

“ஆசையப் பாரு. அதுக்கெல்லாம் சிப்பாய் துப்பாக்கியோட வரணும்” என்றேன்.

அவர் சிரிக்கப் பார்த்தார். சிரிப்பு வரவில்லை, கண் ஓரத்தில் தண்ணீர்தான் வந்தது. அதைத் துடைக்கவும் கையில் தெம்பில்லை. பக்கத்துப் பாயில் கிடந்த கிழவர் முகத்தை அந்தப் பக்கம் திருப்பிக்கொண்டார். நான் குனிந்து, இவர் காதோரம், யாரும் கட்டளை போடாமல் அந்தப் பெயரைச் சொன்னேன்.