முசுட்டைச் சாறு

கிளிநொச்சியில் ஓர் ஆய்வுகூடத்தில் இலைகளைச் சோதிப்பது என் வேலை. இலையை நிழலில் உலர்த்தி, இடித்து, மதுசாரத்தில் ஊறவைத்து வடித்ததில் சில துளிகளைக் கடும் ஊதாக் கரைசல் ஒன்றில் விடுவேன். இருட்டில் அரைமணி நேரம் வைத்தபின் ஊதா வெளிறி மஞ்சளானால், உடலின் உயிர்க்கலங்களைக் கெடுக்கும் துணிக்கைகளை அடக்கும் சக்தி அந்த இலைக்கு இருக்கலாம். ஒட்சியேற்ற எதிர்ப்பு என்பது இதைத்தான். ‘இருக்கலாம்’ என்ற சொல்லை மறக்கக்கூடாது, சோதனைக் குழாய் மனிதர் அல்ல என்று மாணவர்களுக்குச் சொல்லிச் சொல்லியே என் தொண்டை வறண்டுவிட்டது.

கண்டாவளையில் எங்கள் வீட்டு வேலியில் படர்ந்திருந்தது முசுட்டை. வறை வறுத்துச் சோற்றோடு தின்னும் சாதாரண இலை. அது கரைசலை நான் எதிர்பார்த்ததைவிட வேகமாக வெளிறச் செய்தது. வாயை வைத்துக்கொண்டு சும்மா இருக்காமல் அதை அம்மாவிடம் சொன்னேன். தங்கச்சிக்கு மார்பில் புற்றுநோய் என்று கண்டு, யாழ்ப்பாணத்து ஆஸ்பத்திரியில் கீமோ தொடங்கியிருந்த காலம் அது.

அதன்பிறகு வேலியில் முசுட்டை மிஞ்சவில்லை. அம்மா விடியவே எழும்பி, கொழுந்தாகப் பறித்து, அம்மியில் அரைத்து, பிழிந்து போத்தலில் விட்டு, பரந்தனுக்குப் போய் பஸ் பிடிப்பார். முழங்கால் உளைவென்று கோயிலுக்கே போகாத மனிசி. “என்ர மூத்தவள் சோதிச்ச இலை” என்று அயலெல்லாம் சொல்லியும் வைத்திருந்தார். காக்கைக்குத் தன் குஞ்சு பொன் குஞ்சுதான். ஆனாலும் எனக்குக் கோபம் வந்தது.

ஒருநாள் அம்மாவோடு ஆஸ்பத்திரிக்குப் போனபோது, டொக்டரிடம் நானே கேட்டேன்.

“வறை சாப்பிடட்டும். மருந்து ஏறுற நாட்களில இப்பிடிச் சாறுகள் வேண்டாம்,” என்றார். “நாங்கள் புற்றுநோய்க் கலங்களை அழிக்கப் பார்க்கிறம். உங்கட இலை அதுகளையும் சேர்த்துக் காப்பாத்தினால் என்ன செய்யிறது? நிச்சயமாச் சொல்லேலாது. எண்டாலும் ஏன் வீண் பரீட்சை?”

நான் சொன்ன ஒரு சொல்லே அவளைக் கொன்றுவிடுமோ என்று பயந்தேன். அம்மா தேத்தண்ணி வாங்கப் போயிருந்தார். கட்டிலடிக்குப் போய், சாற்றை இன்றோடு நிறுத்தும்படி அம்மாவிடம் சொல்லப்போகிறேன் என்றேன். தங்கச்சி என் கையைப் பிடித்தாள்.

“சொல்லாதை அக்கா. நான் ஒருநாளும் அதைக் குடிக்கேல்லை. மணமே குமட்டுது. அம்மா அங்கால போக ஊத்திப்போடுவன். இண்டைக்கும் ஊத்தீட்டன்.”

“அப்ப ஏன் அவாவை இந்த வெயிலுக்குள்ள அலையவிடுறாய்?”

“அவா வேற என்னத்தைத்தான் எனக்குச் செய்யிறது?”

எனக்கு அழுகை வந்தது. இத்தனை இலைகளைச் சோதித்தவளுக்கு இது தோன்றவே இல்லை.

அம்மா தேத்தண்ணியோடு வந்தார். வெறும் போத்தலைத் தூக்கிப் பார்த்தார். பிறகு தங்கச்சியைப் பார்க்கவில்லை, என்னைத்தான் பார்த்தார்.

“பிள்ளை, உண்மையைச் சொல்லு. இது வேலை செய்யுதோ?”

காணாத முடிவைக் கண்டதாகச் சொல்வது என் தொழிலில் பாவம். தங்கச்சியின் பிடி இறுகியது.

“ஓம் அம்மா,” என்றேன். “வேலை செய்யுது.”