லஞ்ச் ஷீட் வேண்டாம் என்ற அக்கா

கட்டுகஸ்தோட்டையில் என் மகளின் பள்ளிக்கூட வாசலில், பிளாஸ்டிக் லஞ்ச் ஷீட்டில் சோறு கட்ட வேண்டாம், வாழையிலையில் கட்டுங்கள் என்று பிரசாரம் செய்தபடி ஓர் அக்கா நிற்பார். கட்டை முடி, பெரிய குடை. கீழே கிடக்கும் ஷீட்டுகளைப் பொறுக்கித் தன் கைப்பையில் போட்டுக்கொள்வார்.

"விடிய வேலைக்குப் போகும் அம்மாமார் வாழையிலைக்கு எங்கே போவது?" என்று, அவரும் இருந்த பெற்றோர் வாட்ஸ்அப் குரூப்பில் கேட்டேன். அதன் கீழே, "புருஷன் விட்டுட்டுப் போனவளுக்கு வேற என்ன வேலை?" என்று சிலர் எழுதினார்கள். "லஞ்ச் ஷீட்டைப் பற்றிப் பேசுவோம், அவரை விடுங்கள்" என்றேன். யாரும் கேட்கவில்லை.

மறுநாள் வாசலில் அவரே என்னிடம் வந்தார். "உங்க கேள்வி நியாயம் தங்கச்சி. பதிலும் யோசிச்சு வச்சிருந்தேன்."

"சொல்லுங்கக்கா."

"இனி எதைச் சொன்னாலும் என் புருஷன் கதையிலதான் போய் முடியும்" என்று சிரித்தார்.

பிறகு அவர் வரவில்லை. நான் இன்னும் லஞ்ச் ஷீட்டில்தான் சோறு கட்டுகிறேன். மடிக்கும்போது, அந்தப் பதில் என்னவாக இருந்திருக்கும் என்ற யோசனையில் கை ஒரு கணம் நின்றுவிடுகிறது.