சாமிக்கும் ஆகுற பார்லி தண்ணி

எங்கள் கல்லூரியிலிருந்து ஒரு பீர் கம்பெனிக்குத் தூதுவராகத் தேர்வான முதல் பெண் நான். ஆனால் பீர் என்று சொல்லக் கூடாது. அதுதான் முதல் பாடம். "மால்ட் பானம்னு சொல்லுங்க மேடம். ஆல்கஹால் ஜீரோ" என்றார் வீடியோ காலில் வந்த அண்ணன். ஜூஸ் என்றும் சொல்லக் கூடாது, அது இரண்டாவது பாடம். "ஜூஸ்னா பசங்க கையில எடுக்க மாட்டாங்க." பீரும் இல்லை, ஜூஸும் இல்லை, அப்புறம் என்னதான் சார் என்று கேட்டேன். "வைப்" என்றார். நோட்டில் எழுதிக்கொண்டேன். அடிக்கோடு வேறு போட்டேன். அந்த அடிக்கோடுதான் இன்றைக்கும் உறுத்துகிறது.

மூன்றாவது பாடம்: முதல் டின் யாருக்கும் பிடிக்காது. கசக்கும். விடக் கூடாது. மூன்றாவது டின்னிலிருந்து பிடித்துவிடும்.

ஒரு வாரத்தில் வீட்டுக்கு அட்டைப்பெட்டிகள் வந்தன. கூடவே ஒரு டீசர்ட். கம்பெனியின் நிஜ பீர் எப்படி இருக்குமோ அச்சு அசல் அப்படியே இருந்தது டின். அதே எழுத்து, அதே தங்க வளையம். நிஜத்துக்குக் கறுப்பு, எங்களுடையதற்கு நீலம். இரட்டைப் பிள்ளைகளுக்கு வேறு வேறு கலரில் சட்டை மாட்டிவிட்ட மாதிரி. எனக்கு அது அப்போது அழகாகத்தான் பட்டது.

"இன்னாடி இது டின்னு?" என்றாள் அம்மா.

"பார்லியில பண்ணதும்மா."

பொய் சொல்லவில்லை. டின்னில் அப்படித்தான் போட்டிருந்தது. அம்மாவின் முகம் மலர்ந்துவிட்டது. அவளுக்கு பார்லி என்றால் நீர்க்கடுப்புக்கு, கல்லடைப்புக்கு, சூட்டுக்கு. "அக்னி ஸ்தலத்துல குடியிருக்கறோம், உடம்பு எப்பவும் சூடுதான். நல்லதாச்சே!" என்று பெட்டியைப் பிரித்து பிரிட்ஜில் தயிருக்குப் பக்கத்தில் அடுக்கினாள். எனக்கு ஒன்று கொடுத்தாள், தம்பிக்கு ஒன்று. தான் மட்டும் தொடவில்லை. குளிர்ச்சி ஒத்துக்காதாம், சளி பிடித்துக்கொள்ளுமாம்.

தம்பியைப் பற்றிச் சொல்லிவிடுகிறேன். பாலிடெக்னிக் இரண்டாம் வருஷம். அப்பா கீழ்பென்னாத்தூரிலிருந்து மணிலாக் கடலை மூட்டை ஏற்றும் வேன் ஓட்டுகிறார். சனிக்கிழமையானால் பீர் வாசனையோடு வருவார். அம்மா அவர் சோற்றைத் தட்டு போட்டு மூடி வைத்துவிட்டுக் காத்திருப்பாள். சண்டை, சத்தம் எதுவும் கிடையாது. மூடிய தட்டு ஒன்று, அவ்வளவுதான் எங்கள் வீட்டுச் சனிக்கிழமை.

தம்பிக்குப் பதினாறு வயதில் ஒரு கல்யாணத்தில், மண்டபத்துக்குப் பின்னால் அப்பா வைத்திருந்த கிளாஸை எடுத்து ஒரு வாய் குடித்துப் பார்த்தான். குடித்த வேகத்தில் தன் புதுச் சட்டையிலேயே துப்பினான். அம்மா அதை மூன்று வருஷமாக ஊரெல்லாம் சொல்லிக்கொண்டிருந்தாள், ஏதோ மாநில அளவில் பரிசு வாங்கினவன் மாதிரி. "நாக்கே ஒத்துக்கல என் புள்ளைக்கு!" இந்தக் கார்த்திகையில் அவன் கூட்டாளிகளின் போக்கு சரியில்லை என்று பட்டதும், சபரிமலைக்கு மாலை போடவைத்தாள். கன்னிச்சாமி. "அந்தக் கசப்பும் இந்த மாலையும் காவலுக்கு இருந்தா போதும். அப்பன் வழிக்குப் போக மாட்டான்" என்றாள் என்னிடம்.

காவலில் பாதியை நான் பெட்டி பெட்டியாகக் கரைத்துக்கொண்டிருந்தேன்.

மாலை போட்டதும் வீட்டில் மரியாதை மாறிவிட்டது. நேற்றுவரை "எருமை" என்று எழுப்பின அம்மா, "சாமி, எழுந்திருங்க. சாமி, குளிங்க" என்றாள். சாமி பஜனை முடிந்து வந்ததும், "சாமி, பார்லி தண்ணி குடிங்க" என்று டின்னை நீட்டினாள்.

"கசக்குதுக்கா" என்று முகத்தைச் சுளித்தான் சாமி.

"மூணாவதுலருந்து பிடிக்கும்டா" என்றேன் தூதுவராகிய நான்.

"மருந்துன்னா கசக்கத்தான் செய்யும்" என்றாள் அம்மா. கம்பெனிக்காரர் எங்கள் அம்மாவைப் பார்த்திருந்தால் எனக்குக் கொடுத்த வேலையை அவளுக்குத்தான் கொடுத்திருப்பார்.

மார்கழிப் பௌர்ணமி வந்தது. கிரிவலப் பாதையில் அடி அண்ணாமலை பக்கம் மத்தியானத்திலேயே எங்கள் கம்பெனிப் பந்தல். ஒரு பக்கம் மோர்ப் பந்தல், இன்னொரு பக்கம் சுண்டல், நடுவில் நாங்கள். இந்தப் பாதையில் யாராவது எதையாவது சும்மா நீட்டினால் ஜனம் என்ன ஏது என்று பார்க்காது. இரண்டு கையாலும் வாங்கி, கண்ணில் ஒத்திக்கொண்டு, "அண்ணாமலையாருக்கு அரோகரா" என்று வாயில் ஊற்றிக்கொள்ளும். ஊற்றிக்கொண்டது. பீர் டின்னைக் கண்ணில் ஒத்திக்கொள்ளும் ஜனத்தை உலகத்தில் வேறெங்கும் பார்க்க முடியாது. ஒரு அம்மா வீட்டிலிருக்கும் பிள்ளைகளுக்கென்று வாட்டர் பாட்டிலில் ஊற்றிக்கொண்டார். "இன்னாம்மா பிரசாதம், இவ்ளோ கசக்குது?" என்று கேட்டார் ஒருவர். "வேப்பம்பூவா இருக்கும், பேசாம குடி" என்று அவரை அடக்கினார் பக்கத்திலிருந்தவர்.

அங்கேதான் எனக்கு அந்த யோசனை வந்தது. தம்பியும் அவனோடு மாலை போட்ட மூன்று பேரும் கறுப்பு வேட்டியில், நெற்றி நிறைய விபூதியோடு, பின்னால் மலை தெரிய, ஆளுக்கொரு டின்னைத் தூக்கிப் பிடித்தார்கள். நான் படம் எடுத்து, கீழே எழுதினேன்: 'விரதத்துக்கும் ஆகும்!'

பொழுது சாய்வதற்குள் கல்லூரி குரூப் எல்லாவற்றிலும் அது ஓடியது. கம்பெனி அண்ணன் கூப்பிட்டு, "ஜீனியஸ் மேடம் நீங்க" என்றார். பரிசாக ஒரு ஸ்பீக்கர் அனுப்பினார். படம் குருசாமிக்கும் போய்ச் சேர்ந்தது.

எங்கள் தெரு குருசாமி பதினெட்டு வருஷம் மலைக்குப் போனவர். மாலையைக் கழற்றினால் எந்தக் கடைக்குப் போவார் என்பதும் தெருவுக்கே தெரியும். மறுநாள் காலை பஜனைக் கொட்டகையில் எல்லோரையும் நிற்க வைத்தார். இவனுக்கு இருமுடி கட்ட மாட்டேன் என்று சொல்லிவிடுவாரோ என்று அம்மாவுக்கு உதறல்.

"எடு பாப்பா அந்த டின்ன" என்றார் என்னிடம்.

குடித்தார். கண்ணை மூடினார். கால் மணி நேரம் உட்கார்ந்தார். எழுந்து கொட்டகையின் இந்தக் கோடியிலிருந்து அந்தக் கோடிவரை நேராக நடந்து காட்டினார். சந்தேகத்துக்கு இன்னொரு டின் கேட்டார். பிறகு தீர்ப்பு: "ஏறல. தப்பில்ல சாமி. ஏறாததை எதுக்குக் குடிக்கணும்னுதான் எனக்குப் புரியல." போகும்போது, பூஜைக்கு வரும் சாமிகளுக்கு ஆகும், ஒரு பெட்டி அனுப்பி வை என்றார். அம்மா சூடம் ஏற்றிக் கும்பிட்டாள்.

ஏறாததை எதுக்குக் குடிக்கணும்? நான் படித்த மார்க்கெட்டிங் பேப்பர் எதிலும் இவ்வளவு நல்ல கேள்வி இல்லை. ஆசிரமத்துப் பக்கம் செங்கம் ரோட்டுக் கடைகளில் இதே நீல டின்னை வாங்கும் வெள்ளைக்காரர்களுக்கு அதற்குப் பதில் இருந்தது. வருஷக்கணக்காகக் குடித்து, விட வேண்டும் என்று வந்தவர்கள் அவர்கள். அவர்கள் இறங்குகிற படி அது. அதே படியில் எங்கள் பசங்களை மேலே ஏற்றிவிட்டுக்கொண்டிருந்தேன் நான், கீழே நின்று கைதட்டி.

தம்பி மலைக்குப் போனான், வந்தான், மாலையைக் கழற்றினான். பொங்கல் கழித்து, அவன் கூட்டாளியின் பிறந்தநாள் படம் ஸ்டேட்டஸில் வந்தது. அதே போஸ். தூக்கிப் பிடித்த தம்பியின் கை, டின், தங்க வளையம். நீலத்தைத் தேடினேன். கறுப்பாக இருந்தது.

மொட்டைமாடியில் துணி எடுக்கப் போனவனைப் பிடித்தேன்.

"இன்னாடா இது?"

"பசங்க கூப்டாங்கக்கா."

"கசக்கலயா உனக்கு?"

"உன்னோடது மாதிரிதான் இருந்துச்சு. கொஞ்சம் ஜாஸ்தி." அவன் முகத்தில் பயம் இல்லை. பெருமை இருந்தது. "மொத தடவ எல்லாரும் துப்புவானுங்க. நான் துப்பவே இல்ல. டேய், இவன் பழைய ஆளுடான்னு ஒரே விசிலு."

"எத்தனை குடிச்ச?"

"எண்ணல. ஆனா நீ சொன்ன மாதிரியேக்கா, மூணாவதுலருந்து நல்லா இருந்துச்சு."

அவன் கையிலிருந்த துணியை வாங்கிக்கொண்டேன். பிறகு இறங்கிப் போய் அம்மாவிடம் சொன்னேன். ஸ்டேட்டஸ், கறுப்பு டின், நீல டின், எல்லாம். அம்மா பிரிட்ஜைத் திறந்து மிச்சமிருந்த ஒரே டின்னை எடுத்தாள். அவளுக்கு அதைத் திறக்கத் தெரியவில்லை, நான்தான் வளையத்தை இழுத்துக் கொடுத்தேன். வாய்க்குக் கொண்டு போனவள் பாதியில் நிறுத்தினாள். குடிக்கவில்லை, மோந்தாள். மறுபடி மோந்தாள்.

"இது உங்கப்பா சட்ட வாசனைடி."

ஞாயிற்றுக்கிழமைதோறும் அந்தச் சட்டையைத் துவைத்தவள்.

"நானேவா ஊத்திக் குடுத்தேன்?" என்றாள். "சாமி சாமின்னு சொல்லி?"

"நீ இல்லம்மா. நான்தான்."

அவள் அதைக் காதில் வாங்கினதாகத் தெரியவில்லை. டின்னைப் பாத்திரம் கழுவும் அங்கணத்தில் கவிழ்த்துவிட்டு, நுரை அடங்கும்வரை பார்த்துக்கொண்டே நின்றாள்.

அந்த வாரமே கம்பெனி அண்ணன் கூப்பிட்டார். கோடைக்குப் பெரிய திட்டமாம். "உங்க தம்பி செம ஃபேஸ் மேடம். அவரையே போடலாம்."

"அவன் இப்ப நீலத்த விட்டுட்டான் சார். உங்க கறுப்புக்கு மாறிட்டான்" என்றேன்.

 திட்டப் போகிறார், அல்லது வருத்தப்படப் போகிறார் என்று காத்திருந்தேன்.

"அது வேற டிபார்ட்மென்ட் மேடம்" என்றார்.

ஸ்பீக்கரைத் திருப்பி அனுப்பிவிட்டேன். அதனால் யாருக்கும் எதுவும் ஆகவில்லை. டீசர்ட்டை அம்மா அடுப்படிக்கு எடுத்துக்கொண்டாள், சோற்றுப் பானையை இறக்க. போன சனிக்கிழமை அவள் அதைப் பிடித்துப் பானையை இறக்கி, சோறு போட்டு, தட்டு போட்டு மூடினாள். அப்பாவுக்கு ஒன்று. அதன் பக்கத்தில் இன்னொன்று.