கயிறு என் கையில், ஸ்விட்ச் அக்கா கையில்

என் வீட்டுக்காரர் பள்ளிக்கூட வேன் ஓட்டுகிறவர். ஒரு ஞாயிற்றுக்கிழமை, எலவனாசூர்கோட்டைப் பக்கம் மாட்டுப்பண்ணையை மூடிக்கொண்டிருந்த ஒருவரிடம் சோளத்தட்டை வெட்டும் மெஷின் ஒன்றை வாங்கி, பிள்ளைகள் உட்காரும் சீட்டுகளுக்கு நடுவில் படுக்கப்போட்டுக் கொண்டுவந்தார். நாலு மாடுகளுக்கும் அரிவாளால் தட்டை நறுக்கி என் தோள்பட்டை கழன்றுகொண்டிருந்த நேரம் அது. சந்தோஷத்தில் மெஷினுக்குப் பொட்டு வைத்தேன். அப்புறம்தான் அதன் மோட்டாருக்கு மூன்று பேஸ் கரண்ட் வேண்டும் என்பது தெரிந்தது. எங்கள் வீட்டுக்கு வருவது ஒரே பேஸ்.

"கேட்டு வாங்க மாட்டீங்களா?"

"ஓடிக்கினு இருந்துச்சு. பாத்துட்டுத்தான் வாங்கினேன்" என்றார். ஓடியது உண்மைதான். அங்கே மூன்று பேஸ் இருந்தது.

தியாகதுருகத்தில் மோட்டாருக்குக் காயில் கட்டுகிறவர் வந்து, மூடியைக் கழற்றி ஒயர்களை மாற்றிக் கட்டினார். "இது மூணு பேரு மாத்தி மாத்தித் தள்ளுற ராட்டினம்ங்க. ஒத்த ஆளு தள்ளுனா எந்தப் பக்கம் சுத்துறதுன்னு அதுக்குப் புரியாது, உம்முனு நிக்கும். நீங்க மொதல்ல சுத்திவுட்டா அந்தப் பக்கமே ஓடும். கண்டன்சர் போட்டா தானா சுத்தும், தோதானது இப்ப கையில இல்ல. வர்ற வரைக்கும் கயித்தச் சுத்தி இழுங்க. லோடு ஜாஸ்தி குடுக்காதீங்க. முனகுனா உடனே ஸ்விட்ச அமத்திடுங்க, இல்லன்னா காயில் எரிஞ்சிடும்."

சக்கரத்தில் கயிற்றைச் சுற்றி ஒருவர் வெடுக்கென்று இழுக்க வேண்டும், சுற்றும்போதே இன்னொருவர் ஸ்விட்சைப் போட வேண்டும். ஞாயிறு சாயங்காலம் வீட்டுக்காரர் இழுத்தார், நான் போட்டேன். அருமையாக ஓடியது. திங்கள் காலை ஆறரைக்கு அவர் வேனை எடுத்துக்கொண்டு போய்விட்டார். மெஷினுக்கும் சுவரிலிருந்த ஸ்விட்சுக்கும் எட்டடி தூரம். கயிற்றை இழுத்துவிட்டு ஓடினேன். நான் போய்ச் சேர்வதற்குள் சக்கரம் நின்றிருந்தது. நாலு தடவை ஓடினேன்.

பக்கத்து வாசலில் என் ஓரகத்தி, வீட்டுக்காரரின் அண்ணனுடைய மனைவி, நின்று பார்த்துக்கொண்டிருந்தார். அக்கா என்றுதான் கூப்பிடுவேன். ஆனால் இரண்டு மாதமாகக் கூப்பிடவில்லை. அவர் கொடியில் காயப்போட்டிருந்த புதுப் புடவையின் முந்தானையை எங்கள் கன்றுக்குட்டி மென்றுவிட்டது. "அதுக்கும் நல்ல கலருதான் புடிக்குது" என்று நான் சொன்னது தப்பு.

ஐந்தாவது ஓட்டத்தின்போது அவரே வந்து ஸ்விட்சுக்குப் பக்கத்தில் நின்றார். என்னிடம் பேசவில்லை, பக்கத்தில் கட்டியிருந்த மாட்டிடம் சொன்னார்: "இழுக்கச் சொல்லு. நான் போடுறேன்."

நானும் மாட்டைப் பார்த்தே "சரின்னு சொல்லு" என்றேன்.

இழுத்தேன், போட்டார், ஓடியது. ஒரு பிடி தட்டையை உள்ளே வைத்தேன். போன தட்டை திரும்பி வந்து என் வயிற்றில் குத்தியது. மறுபடி வைத்தேன், மறுபடி வெளியே தள்ளியது. நான் இடது கைக்காரி. என் கைக்கு வந்த வாக்கில் கயிற்றைச் சுற்றியிருக்கிறேன். மோட்டார் அதை அப்படியே நம்பித் தலைகீழாக ஓடிக்கொண்டிருந்தது.

அக்கா ஸ்விட்சை அணைத்துவிட்டுச் சுவரைப் பிடித்துக்கொண்டு சிரித்தார். "இன்னாடி இது, வேணாம் வேணாம்னு வாந்தி எடுக்குது!"

"சிரிச்சிக்கினு நிக்காதீங்கக்கா. எந்தப் பக்கம் சுத்தணும்னு சொல்லுங்க" என்றேன். இரண்டு மாதத்துக்குப் பிறகு அப்படித்தான் பேச ஆரம்பித்தோம்.

அதன்பின் தினமும் காலையில் அக்கா வந்துவிடுவார். எந்த நிமிஷத்தில் முனகுமோ என்று வெட்டி முடிக்கிற வரைக்கும் ஸ்விட்சருகிலேயே நிற்க வேண்டியிருந்தது. நின்றால் பேசாமல் இருக்க முடியுமா? அவர் தம்பி மகனுக்கு உளுந்தூர்பேட்டையில் பெண் பார்த்த கதையை, மோட்டார் சத்தத்துக்கு மேலே கத்தி, தினம் கொஞ்சமாகச் சொல்லி வந்தார். பெண்ணுக்குப் பையனைப் பிடித்திருந்தது. பெண்ணின் சித்தப்பாவுக்குத்தான் பிடிக்கவில்லை.

மூன்றாவது வாரம் கண்டன்சர் வந்தது. காயில் கட்டுகிறவரே சாயங்காலம் வந்து மாட்டிக் காட்டிவிட்டுப் போனார். மறுநாள் ஸ்விட்சைப் போட்டதும் யாரும் சுற்றிவிடாமல் தானாகவே, சரியான பக்கமாக ஓடியது. கையைத் துடைத்துக்கொண்டே வந்த அக்கா, ஓடுகிற மெஷினையும் என்னையும் பார்த்தார்.

"ஒரு வார்த்த சொன்னியா? நான் பாட்டுக்கு அடுப்ப அமத்திட்டு ஓடியாறேன்."

போய்விட்டார். விளையாட்டுக்குச் சொல்கிறார் என்று நினைத்தேன். மறுநாளும் வரவில்லை, அதற்கு மறுநாளும் வரவில்லை. வேலை என்னவோ பாதி நேரத்தில் முடிந்தது. ஆனால் அந்தச் சித்தப்பா என்ன சொன்னார் என்று தெரியாமல் எனக்குச் சோறு இறங்கவில்லை.

ஐந்தாம் நாள் காலை, தட்டை வெட்டுவதற்கு முன்பே அவர் வாசலில் போய் நின்றேன். "அக்கா, பொண்ணு வூட்ல கடைசியா இன்னாதான் சொன்னாங்க?"

"உன் மெஷினக் கேளு. அதுதான் எல்லாம் தானாச் செய்யுதே."

சொல்லிவிட்டு, காலால் ஒரு முக்காலியை என் பக்கம் தள்ளினார். உட்கார்ந்தேன். சித்தப்பா ஒத்துக்கொண்ட கதை அரைமணி நேரம் ஓடியது. அந்தப் பக்கம் நாலு மாடும் பசியில் கத்திக்கொண்டிருந்தன.